ஜாம் போத்தலில் பின்வளவு

வீட்டோடு புல்லும் சேர்த்தே தந்தார்கள்.
பாய்போல் சுருட்டி லொறியில் வந்திறங்கியது,
ஒரே மத்தியானத்தில் விரித்து முடித்தார்கள்.
பெட்ஃபோர்டுக்குத் தெற்கே, சூளைகள் புகைந்த நிலம்.
இங்கே களிமண்ணுக்குச்
செங்கல்லாவதுதான் பழக்கம்.

முதல் மாரி: குளம்.
முதல் கோடை: விரல் போகுமளவு வெடிப்பு.
இடையில் பாசி.
குகதாசன் ஒரு பெட்டி மருந்து வாங்கிவந்து தூவினார்.
பாசி கறுத்தது. புல்லும் கறுத்தது.
பெட்டியிலிருந்த படம் மட்டும்
பச்சையாகவே இருந்தது.

நான் பல் வைத்தியரிடம் எக்ஸ்ரே எடுப்பவள்.
ஈறுக்கு மேலே தெரிவதை நம்பாதே என்று
சம்பளத்துக்குச் சொல்பவள்.
ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை
மண்வெட்டியால் ஒரு சதுரம் வெட்டிப் புரட்டினேன்.

வேர் இரண்டு விரல் ஆழம்.
அதற்குக் கீழே
உடைந்த ஓடு, சீமெந்துக் கட்டி,
இடக்கைக் கையுறை ஒன்று,
அதன் விரல்களுக்குள்ளும் களி.
மோந்து பார்த்தேன். கூழ்முட்டை.
இவ்வளவு நாளும் ஒரு மூடியின்மேல்
புல் வளர்த்திருக்கிறோம்.

ஒரு பிடி மண், ஜாம் போத்தல், தண்ணீர்.
குலுக்கி யன்னலில் வைத்தேன்.
மணல் ஒரு நிமிடத்தில் இறங்கியது, நகக்கண் அளவு.
வண்டல் இரவுக்குள்.
களி வியாழன்வரை தேத்தண்ணி நிறத்தில் மிதந்து
படிந்தபோது முக்கால்வாசி அதுதான்.
மகள் ஒரு துண்டு எழுதி ஒட்டினாள்:
பின்வளவு. குடிக்க வேண்டாம்.

அகல உழுவதினும் ஆழ உழு என்கிறார்கள்.
சொன்னவர்களிடம் வயல் இருந்தது, எருதும் இருந்தது.
என்னிடம் ஆறு மீட்டர் நிலம்,
நாலு பல்லுள்ள தோட்டமுள்,
ஐம்பத்தெட்டுக் கிலோ நான்.
ஏறி நிற்பேன். இறங்காது.
குதிகாலால் ஒரு ஆட்டு.
பின்னுக்குச் சாய்த்தால்
கீழே எங்கோ சின்னதாய் ஒரு ‘களக்’.
ஒரு சாண் தள்ளி அடுத்தது.

துளைகளுக்குள் பருமணலும் மட்கும்
தும்புத்தடியால் கூட்டித் தள்ளினேன்.
வெட்டிய புல்லை வெட்டிய இடத்திலேயே விட்டேன்.
இயந்திரத்தின் அலகை இரண்டு படி உயர்த்தினேன்.
‘ஏதும் தொலைத்துவிட்டாயா?’ என்றார்
வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கீத்.
ஓம் என்றேன்.

இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை.
குகதாசன் பிளாஸ்டிக் புல்லுக்கு விலை கேட்டுவைத்த தாள்
இன்னும் குளிர்பெட்டிக் கதவில்.

இந்தப் பங்குனியில்
புல்லெல்லாம் குட்டிக் குட்டிச் சுருள்,
இடியப்ப உரலில் பிழிந்ததுபோல் ஈரமண்.
‘ஆரோ நாயை விட்டிருக்கினம்’ என்றார் இவர்.
நாங்கூழ், என்றேன்.
அந்தச் சொல் என் வாயில் இருந்ததே
எனக்குத் தெரியாது.

நேற்று மூன்று மணித்தியால மழை.
சப்பாத்தோடு நடுவில் போய் நின்றேன்.
குளம் இல்லை.
குனிந்தால் கேட்டது, மெதுவாக,
ஆயிரம் வாய்கள் உறிஞ்சும் சத்தம்.

வடக்கு மூலையில் இன்னும் பாசிதான்.
அந்த வலக்கைக் கையுறை
அங்கேதான் கிடக்கவேண்டும்.
ஒக்டோபர் வரட்டும்.