விறைப்பு

அறுபத்து மூன்று, பிப்ரவரி. ஸ்வேல் ஆறு
கரையோரம் மட்டுமல்ல, நடுவிலும் உறைந்துவிட்டது.
பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி. இரவுப் பணி எனக்கு.
கொதிகலன் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தது.

ஆறாம் படுக்கையில் எட்வின் கேர்ட்டன்.
பனிக்குள் புதைந்த ஆடுகளைக் கம்பால் குத்தித் தேடுகையில்
விழுந்து இடுப்பு முறிந்தவர்.
நாற்பதில் பதினேழை எடுத்துவிட்டாராம்.
இரண்டு மணிக்குக் கண் திறந்து
"ஸ்டார்வ்ட்" என்றார். "நான் ஸ்டார்வ்ட், பெண்ணே."

நான் க்ரோனிங்கன்காரி.
ஸ்டெர்வன் என்றால் எங்கள் ஊரில் சாவது.
பசியாலா, குளிராலா, காதலாலா
என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும்.
சாவு மட்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.
நாடி பார்த்தேன்: எழுபத்தெட்டு.
சாகிறவரின் நாடி இல்லை அது.
ஆனாலும் ஓடினேன்.

நாற்பத்தைந்து ஏப்ரலில்
எங்கள் கால்வாய்ப் படியில் ஒரு ஜெர்மன் பையன்
இதே சொல்லைத்தான் சொன்னான்,
வகரம் இருந்த இடத்தில் ஒரு பகரத்தோடு.
எனக்குப் பதினொரு வயது.
மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

டாக்டர் பென்ஃபோல்ட் கென்ட் பக்கத்தவர்.
என் மூச்சிரைப்பைப் பார்த்துச் சிரித்தார்:
"பசிக்கிறது என்கிறார், அவ்வளவுதான்."
சூப்பைச் சுடவைத்துக் கொண்டுபோனேன்.
கேர்ட்டன் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.
கிண்ணத்தை இரு கையாலும் பொத்தி
நெஞ்சோடு வைத்துக்கொண்டார்,
அதன்மேல் ஆடை படியும்வரை.

ஐந்து மணிக்குத் தரை துடைக்க வந்த டோர்க்கஸ் ஐவ்சன்
ஒரு பார்வை பார்த்தாள்.
கதவருகே தொங்கிய கோட்டுகளை
(அவளுடையது, என்னுடையது, டாக்டருடையதும்தான்)
அவர்மேல் ஒவ்வொன்றாகப் போர்த்தினாள்.
"குளிர்கிறது என்று அப்போதிருந்து சொல்கிறார்.
உங்கள் ரெண்டு பேருக்கும் காது இல்லையா?"

விடுமுறை நாளில் நூலகத்து அகராதியைப் புரட்டினேன்.
அட்டை போய்விட்ட பிரதி.
ஆதியில் விறைத்துப்போவது என்றிருக்கலாமாம்;
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
ஐஸ்லாந்தில் அதன் பங்காளிச் சொல் ஒன்று
தாடை பூட்டிக்கொள்ளும் நோய்க்குப் பெயர்.
வடகடல்காரர்கள் கப்பலில் வந்தபோது
சாவதற்கு வேறொரு வினைச்சொல்லையும் இறக்கினார்கள் போலும்.
பழையதற்கு வேலை போனது.
தெற்கே அதைப் பசிக்கு வைத்துக்கொண்டார்கள்.
இங்கே, இந்த மலைமடிப்பில், குளிருக்கு.
கடலுக்கு அப்பால் நாங்களும் ஜெர்மன்காரர்களும்
அதைப் பழைய வேலையிலேயே விட்டுவைத்தோம்.
அந்த வேலைக்கு
எங்களிடம் குறைவே இருந்ததில்லை.

மார்ச்சில் பனி இளகியது.
அண்ணன் மகன் சேற்றுக் காலோடு வார்டுக்குள் வந்தான்.
கல்சுவரின் ஓரத்தில் மீதி இருபத்து மூன்றும்
நின்றபடியே இருந்தன என்றான்.
ஒன்றின் ரோமத்தை ஒன்று தின்றிருந்தன.

கேர்ட்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"ஸ்டார்வ்ட்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
எந்தப் பொருளில் என்று நான் கேட்கவில்லை.
டோர்க்கஸ் வாளியைக் கீழே வைத்தாள்.
நான் மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறுமுனையை
அவள் வந்து பிடித்தாள்.