வகரம்

பிப்ரவரியில் ரியேகா துறைமுகத்தில்
புரா அடித்தது. மலையிலிருந்து இறங்கும் காற்று.
தொப்பியைக் கேட்காது, தலையையே கேட்கும்.
கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே வந்திருந்தேன்.
கொக்கி ஊசலாடியதைப் பார்த்தேன்.
பார்த்தது மட்டும்தான்.

மேல்வரிசையில் முன்பற்கள் நான்கு.
இரண்டைக் கையுறைக்குள் போட்டுத் தந்தான் மிலிவோய்.
மற்ற இரண்டும் கடலுக்கு.

என் கணவனுக்குக் காது கேட்காது, பிறவியிலேயே.
உதட்டைப் படிப்பான். பதினெட்டு வருடமாக
என் வாய்தான் அவனுக்குச் செய்தித்தாள்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குச் சொல் போகவில்லை, ஓர் எழுத்துதான் போனது.
அவன் பெயர் வின்கோ.
சொல்லிப் பாருங்கள்: முதல் எழுத்துக்கு
மேற்பல் கீழுதட்டில் ஒரு கணம் உட்கார வேண்டும்.
என்னிடம் உட்கார ஆளில்லை.
வீக்கம் வடிந்து நான் முதல்முறை கூப்பிட்டபோது
கையால் கேட்டான்:
"யார் அந்த ஹின்கோ?"

சிரித்தால் தையல் இழுக்கும். சிரித்தேன்.

அன்றிலிருந்து ஹின்கோ எங்கள் வீட்டில் குடியிருந்தார்.
சூப் வைப்பார். ரொட்டியின் முறுகிய ஓரத்தை
எனக்காக அரிந்து எடுத்துவிடுவார்.
வின்கோ இத்தனை வருடத்தில்
ஒரு கரண்டி கழுவியவன் இல்லை.
ஹின்கோ வாணலியே கழுவினார்.

கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று கொடுத்தார்கள்.
அண்ணம் முழுக்கப் பிளாஸ்டிக்,
மீனும் மெழுகும் ஒரே ருசி.
நாலாம் நாள் அதை டம்ளரில் போட்டேன்.
தண்ணீருக்குள் என்னைவிட நன்றாகச் சிரித்தது.

டாக்டர் நெவெனா கணக்குச் சொன்னார்:
டைட்டானியம் திருகு இரண்டு, நடுவே ஒரு பாலம்,
நான்கு பல்லுக்கு அது போதும்.
விலை, நாங்கள் வாங்காமல் விட்ட கார்.
முறுக்கும்போது முப்பத்தைந்து என்றார்,
நியூட்டன் சென்டிமீட்டர்.
என் கிரேனின் போல்ட்டுக்கு நானூறு, அதுவும் மீட்டரில்.
வாய் மரத்திருந்ததால்
தாளில் எழுதிக் காட்டினேன்.
"உங்கள் கிரேனுக்கு எலும்பு வளராதே" என்றார்.

வளர ஐந்து மாதம்.
அதிகாலை ஷிப்டில் வளர்ந்தது,
கடன் தவணையை நான் கூட்டிக் கழிக்கையில் வளர்ந்தது,
வலிக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல்.
வந்திருப்பது வேற்றாள் என்று
எலும்புக்குத் தெரியவில்லையா,
தெரிந்துதான் இடம் கொடுத்ததா?
ஒருநாள் டாக்டர் சிறு கம்பியால் தட்டினார்.
கணீரென்றது.
"பிடித்துக்கொண்டது."

பால் வெள்ளையா, தந்த வெள்ளையா என்று
நிறச் சீட்டைக் காட்டினாள் அங்கிருந்த பெண்.
இருபது வருடக் காபி குடித்த மஞ்சள் கேட்டேன்.
அவள் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

செப்டம்பரில் புதுவாயோடு வீட்டுக்கு வந்தேன்.
அவன் முன்னால் நின்று
கீழுதட்டில் பல்லை அழுத்தி, வேண்டுமென்றே மெதுவாக,
பெயரைச் சொன்னேன்.
பார்த்தான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.
"உனக்கு வெளியூர்ப் பேச்சு வந்துவிட்டது,
எல்லை தாண்டி வந்த இத்தாலிக்காரி மாதிரி"
என்றன கைகள்.

அந்த வாரம் முழுக்க
ஒயின் கேட்டால் ஜன்னலைச் சாத்தினான்.
சண்டையைக்கூடப் பாதியில் நிறுத்தி
எழுதித் தரச் சொன்னான்.
எழுதினால் சண்டையாக இல்லை.

பதினோராம் நாள் கத்தரிக்காய் அரிந்துகொண்டே
அவன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்,
கூப்பிடக்கூட இல்லை, சும்மா, பேச்சுவாக்கில்.
இருட்டிய ஜன்னல் கண்ணாடியில்
என் வாய் தெரிந்திருக்கிறது.
சட்டென்று திரும்பினான்.
கிட்டே வந்து, மாட்டுத் தரகன்போல
மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தான்.
நகத்தால் ஒரு தட்டு.
பிறகு கேட்டான்:
"ஹின்கோ சொல்லாமலே போய்விட்டாரா?"

"ம்" என்றேன்.
அதற்குப் பல் வேண்டாம்.

தொட்டியில் மதியப் பாத்திரங்கள்
அப்படியே கிடந்தன.