மூன்றாவது புள்ளி

பனிப்பெட்டியில் வந்தது
ஒரு தயிர்க் கிண்ணம்.
மூடியில் தோல்மின் மருத்துவமனைச் சீட்டு:
ஸ்கோச்சிர், ஆண், நாற்பத்தாறு வயது.
உள்ளே
சூப்பில் வெந்ததுபோக மிஞ்சிய ஏழு இலைகள்.

ஏப்ரல் வந்தால் ஸ்லோவேனியாவே பூண்டு மணக்கும்.
பையோடு கிளம்பிவிடுவார்கள்
ஆற்றோரக் காடுகளில் செமாஷ் பறிக்க.
பக்கத்திலேயே முளைத்திருக்கும்
மணமே இல்லாத இன்னொரு இலை.
பறித்த விரல் மணப்பதால்
அதுவும் மணக்கிறாற்போல் இருக்கும்.

நெவென்கா கையுறை மாட்டுகிறாள்.
ஐந்து இலைகளுக்குக் காம்பு உண்டு.
இரண்டுக்கு இல்லை.
அதுவே பாதி சாட்சி,
ஆனால் கண் சொல்வதை வைத்து
மருத்துவர் ஊசி போட முடியாது.

ஒற்றுத்தாளில் ஈரம் ஒற்றி
நாற்பது டிகிரியில் வைக்கிறாள்.
அவசரம்தான். ஆனாலும் சூடு கூடினால்
சொல்ல வந்ததை இலை மறந்துவிடும்.
பிறகு கல்வத்தில் மணலோடு அரைத்து
மெத்தனால் ஊற்றி, குலுக்கி, வடிதாளில்.
சொட்டுச் சொட்டாய் இறங்குகிற பச்சை
யாரையும் கொல்லும் நிறமாகத் தெரியவில்லை.

தகட்டின் அடியில் பென்சிலால் ஒரு கோடு.
பேனா கூடாது, மையும் கூடவே ஏறும்
தன் கதையைச் சொல்லிக்கொண்டு.
மயிரிழைக் குழாயால் முதல் புள்ளி:
தெரிந்த நஞ்சு.
காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு,
இங்கே ஒரு ஊதாப் பூவின் இலையில்.
இரண்டாவது, ஸ்கோச்சிரின் இலை.
வைத்து, ஊதி, உலர்த்தி,
அதன்மேலேயே மறுபடி.

மூன்றாவது இடத்துக்கு
கைப்பையிலிருந்து எடுக்கிறாள் ஒரு ஜாம் பாட்டில்.
ஞாயிற்றுக்கிழமை அவளே பறித்தது,
அக்ரூட்டும் எண்ணெயும் சேர்த்து அரைத்தது.
நேற்றிரவு யெர்னேய் இரண்டு கரண்டி தின்றான்.
காலையில் நன்றாகத்தான் பள்ளிக்குப் போனான்.
முதலில் அது ஒன்றும் காட்டிக்கொள்ளாது என்று
அவளைவிட யாருக்குத் தெரியும்?
எண்ணெயை ஹெக்ஸேனில் கழுவ வேண்டியிருந்தது.
அதற்கு மட்டும் இருபது நிமிடம்.
பதிவேட்டில் அந்தப் புள்ளிக்கு எண் இல்லை.

கரைப்பான் ஏறுகிறது
சுவரில் ஓதம் ஏறுகிற மாதிரி,
பார்த்துக்கொண்டே இருந்தால் நின்றுவிட்ட மாதிரி.

விளக்கை அணைத்து
புற ஊதா ஒளியைப் போட்டாள்.
முதல் பாதையில், நடு உயரத்தில், ஒரு கறுப்பு.
இரண்டாவதில் அதே உயரத்தில்.
தோல்மினைக் கூப்பிட்டுச் சொன்னாள்:
"இருக்கிறது. ஆமாம், நிச்சயமாக."
பேசி முடிக்கும்வரை
மூன்றாவது பாதையை ஒரு சீட்டால் மறைத்திருந்தாள்.

எடுத்தாள்.
அந்த உயரத்தில் ஒன்றும் இல்லை.
மேலே, விளிம்பில்,
எல்லா இலைக்கும் பொதுவான பச்சை.

பதிவேட்டில் இரண்டு புள்ளிகளை எழுதினாள்.
பாட்டிலைக் கழுவுமுன் முகர்ந்து பார்த்தாள்.
பூண்டு மணந்தது.
பாட்டிலா, கையுறையா,
தெரியவில்லை.