ஒச்சம்

புளியரை எடைமேடையில்
ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் பார்த்தால்
எடை சொல்லும் பெண்குரல் வரவில்லை.

எண் இருக்கிறது.
பதினாறாயிரத்து நானூற்று இருபது,
பச்சையாய், அசையாமல்.
சொல்லத்தான் ஆளில்லை.

மேடையில் புனலூர் போகிற வைக்கோல் லாரி.
டிரைவர் சஜீந்திரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
காதைத் தொட்டுக் காட்டினான்:
"சேச்சி, ஒச்சயில்ல."

இல்லையென்றால் நல்லதுதானே என்று
பில்லை அச்சுக்கு அனுப்பினேன்.
எங்களுக்கு ஒச்சம் என்றால் குறை.
பிறந்த பிள்ளையைப் புரட்டிப் பார்த்து
ஒச்சமில்லை என்பார்கள்.
மலைக்கு அந்தப் பக்கம் ஒச்ச என்றால் சத்தம்.
எஸ் வளைவு ஏறி இறங்குவதற்குள்
ஒரு மெய்யெழுத்து கழன்று விழுந்துவிடுகிறது.

காகிதத்தை அவன் வாங்கவில்லை.
காகிதத்தில் யாரும் எதையும் அடிக்கலாமாம்.
தமிழில் அவனுக்கு ஒழுங்காய்த் தெரிந்தது
அந்தக் குரல் சொல்லும் எண்கள்தான்.
அது சொன்னால் சரி.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினேன்.
சிவப்பு விளக்கு எரிகிறது.
திரையின் வலது மூலையில்
கடிகாரம், நெட், தட்டச்சின் 'த'.
நடுவில் இருக்கும் குட்டி ஒலிபெருக்கி இல்லை.
காலியிடம்கூட இல்லை.
ஒருத்தர் இறங்கியதும் பஸ் சீட்டில்
மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி.

மேல்நோக்கிய சின்ன அம்பை அழுத்தினால்
ஒளிந்திருந்தவை எழுந்தன:
பிரின்டர், வைரஸ் காவலன்,
எப்போதோ பிடுங்கிய பென்டிரைவ்.
அது மட்டும் இல்லை.

முதலாளி போன் அணைந்திருந்தது.
பகல் டியூட்டி தங்கையாவைக் கூப்பிட்டேன்.
"நான் தொடவே இல்லக்கா" என்றான்,
என்னவென்று நான் கேட்பதற்கு முன்னால்.

சஜீந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.
அவன் தங்கைக்கு ஆரியங்காவில் கம்ப்யூட்டர் கடை.
தூக்கக் கலக்கத்தோடு போனில் அவள் மலையாளத்தில் சொல்ல
அவன் பாதித் தமிழில் சொல்ல
நான் மௌஸை நகர்த்தினேன்.
டாஸ்க்பார் செட்டிங்ஸ். ஐகான் பட்டியல்.
வால்யூம் என்கிற வரி
சாம்பல் பூத்துக் கிடந்தது.
தட்டினால் அசையவில்லை.

பின்னால் ஆறு லாரி. ஹாரன்.

மூன்று விசையை ஒன்றாய் அழுத்தி
எக்ஸ்ப்ளோரரைத் தேடி
ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னாள்.
கொடுத்தேன்.
கீழ்ப்பட்டை மொத்தமும் போயிற்று.
கடிகாரம் போயிற்று. 'த' போயிற்று.
மொட்டைத்தலையோடு முதலாளியின் பேரன் படம் மட்டும்
என்னைப் பார்த்துச் சிரித்தது.
ஒரு கடையையே அழித்துவிட்டேன் என்று
உள்ளங்கை வேர்த்தது.

பிறகு பட்டை ஏறி வந்தது.
சாம்பல் வரி கறுத்தது. தட்டினேன்.
ஒலிபெருக்கியும் வந்தது,
பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியோடு.

அப்படியென்றால்
முதலில் வாயை அடைத்திருக்கிறார்கள்.
அப்புறம்தான் ஆளை மறைத்திருக்கிறார்கள்.
இன்றைக்குப் பகலில் எத்தனை பாறைப்பொடி லாரி
சத்தமில்லாமல் ஏறி இறங்கிப் போனதோ.

எவ்வளவு வைப்பது என்று தெரியாமல்
நூறுவரை இழுத்துவிட்டேன்.
"பதினாறாயிரத்து நானூற்று இருபது."
செக்போஸ்டில் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.
தகரக் கூரையிலிருந்து குரங்கு ஒன்று குதித்தோடியது.

"இப்ப ஒச்ச உண்டு" என்றான்,
பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு.
ஆமாம், உண்டு என்றேன்.

லாரி இறங்கியதும்
மேடையில் சிந்திய வைக்கோலைக் கூட்டப் போனேன்.
நடுவில் ஒரு நிமிடம் நின்றிருப்பேன்,
தங்கையாவை நாளைக்கு எப்படிக் கேட்பதென்று.

"எழுபது கிலோ"
என்றது குரல்,
கேரளா வரைக்கும் கேட்கும்படி.
வரிசையில் நின்ற கிளீனர் பையன்
உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டான்.

விளக்குமாற்றோடு சேர்த்து, என்று கத்தினேன்.