அரைக் கிண்ணம்

அக்டாவ் துறைமுகத்தில்
ஐந்தாம் எண் கிரேன் என்னுடையது.
ஏணியில் நூற்றுப் பதினெட்டுப் படி.
மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி,
இரண்டு நெம்புகோல்,
காலடியில் காஸ்பியன்.

கழிப்பறை கீழே.
அதற்கும் அதே நூற்றுப் பதினெட்டு.

ஆகவே நான் தண்ணீர் குடிப்பதில்லை.
யாரும் போட்ட சட்டமல்ல இது.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ராய்ஹான்
சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது:
"காலையில் ஒரு வாய்.
அதுவும் விழுங்க மாத்திரை இருந்தால்."
மற்ற கிரேன்களில் ஆண்கள்.
அவர்களிடம் ஆளுக்கொரு காலி பாட்டில் உண்டு.
அதைப் பற்றி அவர்கள் நிறையச் சிரிப்பார்கள்.

பதினோரு வருடம்.
கோதுமை மூட்டை, எண்ணெய்க் குழாய்,
ஒருமுறை ஒரு முழு ரயில் எஞ்சின்.
எதையும் இடிக்காமல் இறக்கியிருக்கிறேன்.
தலைவலியைக் காற்றின் கணக்கில் எழுதினேன்.
உதட்டு வெடிப்பை உப்பின் கணக்கில்.
மாலையில் மங்கும் கண்ணுக்கு
வயது இருக்கவே இருக்கிறது.
ஒண்ணுக்குப் போகையில் எரிந்தால்
பல்லைக் கடித்துக்கொள்வேன். அதற்குக் கணக்கில்லை.

இந்த ஊரில் ஆறு இல்லை.
தோண்டினால் கரிக்கும்.
கடலைக் காய்ச்சி, ஆவியைப் பிடித்து, குளிரவைத்து,
குழாயில் அனுப்புகிறார்கள்.
நான் குடிக்காமல் விட்ட ஒவ்வொரு குவளைக்கும்
எங்கோ ஓர் உலை எரிந்திருக்கிறது.

செப்டம்பர் ஒன்பது, பிற்பகல் மூன்று மணி.
நாற்பதடிப் பெட்டி ஒன்று அந்தரத்தில்.
என் இடுப்பில் கொக்கி மாட்டி
யாரோ தூக்கினார்கள்.

பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் கத்தினேன்.
அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழே சைகை காட்டும் செரிக்பாய்
கொடியை எறிந்துவிட்டு ஏறிவந்தான்.
படிகள் அன்றைக்கு எத்தனை இருந்தன, தெரியாது.

கல். கோதுமை மணியில் பாதி.
முப்பது டன் தூக்குகிறவளை
அது சுருட்டித் தரையில் போட்டது.

டாக்டர் என் குப்பியை ஜன்னலோரம் பிடித்தாள்.
"தேநீர் என்றால் நல்ல நிறம்" என்றாள்.
சீட்டில் எழுதினாள்: ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர்.
நூற்றுப் பதினெட்டை எதனால் பெருக்குவது என்று
பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன்.
எங்களிடையே கிண்ணத்தை நிரப்புவது வழக்கமில்லை.
நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.
அரைக் கிண்ணம் என்றால்,
இரு, இன்னும் ஊற்றுகிறேன்.

ராய்ஹானும் வந்திருந்தாள்.
கணுக்கால் வீங்கியிருந்தது.
முழங்கைக்குள் ஊசித் தடங்கள்.
வாரத்தில் மூன்று நாள் அவள் ரத்தம்
ஓர் இயந்திரத்துக்குள் போய்த் திரும்புகிறது.
தண்ணீர்தான் காரணமா?
அவளிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் ஊற்றப்போனேன்.
கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.
"எனக்கு இப்போது அளந்துதான், குல்பர்ஷின்.
நாள் முழுக்கச் சேர்த்து
இந்தக் கிண்ணத்தில் மூன்று."

அவளுடைய நாக்கு உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது.
ஜாடி என் கையில் கனத்தது.

மறுவாரம் மேற்பார்வையாளரிடம் போனேன்.
ஷிப்டுக்கு மூன்று முறை இறங்குவேன் என்றேன்.
பத்துப் பெட்டி குறையும் என்றார்.
பன்னிரண்டு, என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டேன்.
அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கூண்டில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கிறது,
வீட்டிலிருந்து ஒரு கிண்ணமும்.
மணிக்கொருமுறை, தாகம் வந்து கதவைத் தட்டுமுன்,
அரைக் கிண்ணம்.
முழுக்க ஊற்ற மனம் வருவதில்லை.
முதுகுப் பக்கம் குடியிருக்கும் இரண்டு பேரை
இத்தனை நாள் வாசலிலேயே நிறுத்தியிருந்தேன்.
கிளம்பு என்று எப்படிச் சொல்வது?

வாக்கி-டாக்கி கரகரக்கிறது:
"ஐந்தாம் எண், ஏன் நிற்கிறது?"

"விருந்தாளி" என்கிறேன்.

"மேலேயா? யார்?"

ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.
கீழே ஒரு கப்பல் காத்திருக்கிறது.