பதினைந்து விநாடி

டுலூத்தில் ஜனவரி.
ஏரி உறைந்துவிட்டது, காற்றுதான் உறையவில்லை.
முதியோர் இல்லத்தின் மறதிப் பிரிவில்
நடைவழியை நாடா பிடித்து அளக்கிறேன்:
எட்டடி. சட்டம் கேட்பது அவ்வளவே.
சுவரோரம் ஒரு சக்கர நாற்காலி, மடித்த துண்டுகளுடன்.
இப்போதைக்கு அது நாற்காலி.
புகை வந்தால் சுவர்.
அகற்றச் சொல்லி எழுதிக்கொள்கிறேன்.

கோடியில் கதவு இருக்க வேண்டும்.
புத்தக அலமாரி இருக்கிறது.
தடித்த முதுகுகள், ஒரு பூனை, ஜாடியில் மஞ்சள் பூ,
எல்லாம் பெயின்ட்.
"கதவுன்னு தெரிஞ்சா முட்டிக்கிட்டே இருப்பாங்க"
என்கிறான் ராத்தூக்கம் இல்லாத செவிலியன் ட்ராய் ஹாகன்.
கைப்பிடிக்கும் பழுப்பு பூசியிருக்கிறார்கள்.
பூனையின் வால் அதன்மேல் ஏறிப் போகிறது.
படம் இருக்கலாம், பிடி ஒளியக்கூடாது.
அதையும் எழுதினேன்.

வெர்னா ஆஸ்ட்பி வந்து பக்கத்தில் நின்றார்.
முப்பது வருஷம் நீச்சல் போட்டிகளில்
ஸ்டாப்வாட்ச் பிடித்தவராம்.
தினமும் இந்த அலமாரியில்
ஒரே புத்தகத்தை உருவப் பார்ப்பாராம்.

விதி இது:
மூன்று விநாடி அழுத்தினால் அலாரம் அலற வேண்டும்.
பதினைந்தில் பூட்டு விட வேண்டும்.
நடுவில் மேலாளரே ஓடிவந்தாலும்
தொடங்கியதைத் திரும்பப்பெற இயலாது.
அந்த 'இயலாது' என்ற சொல்லை எழுதியவர்
கரிந்த அறை ஒன்றில் நின்றிருக்க வேண்டும்.
எனக்கு அப்படித்தான் படும்.

அழுத்தினேன்.
ஊளை. சாப்பாட்டு அறையில் ஒரு கரண்டி விழுந்தது.
என் கையில் கடிகாரம்.
வெர்னாவின் கையில் ஒன்றுமில்லை,
மடங்கிய விரல்கள்மேல் கட்டைவிரல் மட்டும்
காத்துக்கொண்டு நின்றது.
பன்னிரண்டு. பதிமூன்று.
டக்கென்று பூட்டு விட்டது.
பதினாலு புள்ளி ஏழு. தேர்ச்சி.

தோளால் தள்ளினேன்.
அலமாரி, பூனையோடு, பூவோடு,
ஒரு சாண் திறந்து
பனியில் முட்டி நின்றது.
திருப்பதற்கு வெளியே இடுப்பளவு வெள்ளை.
கிறிஸ்துமஸுக்குப் பிறகு யாரும் வாரவில்லை.
சாண் இடுக்கில் மைனஸ் இருபத்திரண்டு
உள்ளே நுழைந்து என் படிவத்தைப் புரட்டியது.

ட்ராய் மண்வாரி தேடி ஓடினான்,
முன்வாசல் வழியாக.

வெர்னாவின் கட்டைவிரல் இன்னும் இறங்கவில்லை.
"நிறுத்தாதே" என்றார்,
"இன்னும் யாரும் வெளியே வரலை."

நான் நிறுத்தியிருந்தேன்.