அங்கிட்டும் இங்கிட்டும்

தொழில் நடைபெறும் இடத்தின் பரப்பளவு
எவ்வளவு என்று கேட்டது விண்ணப்பம்.
பதினாறு வருஷமாய் நிற்கிற இடம்தான்,
அளந்து பார்த்ததில்லை.
இவர் தூங்கியபின்
ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டேப்பை
அடுப்படியில் விரித்தேன்.
தொட்டியிலிருந்து சிலிண்டர் வரை எட்டடி.
கதவிலிருந்து சன்னல் வரை ஆறே கால்.
ஐம்பது சதுர அடி,
ஜெய்ஹிந்த்புரத்தில், மாடியில், வாடகைக்கு.
இதில் வீடு எது, யூனிட் எது என்று
பிரித்துக் காட்டவேண்டுமாம்.

இன்சுலேஷன் டேப் வாங்கினேன், சிவப்பு.
தரையில் ஒட்டி
மேடையேற்றி
ஸ்டவ்வுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினேன்.
அங்கிட்டு பர்னரில் சாம்பார் கொதிக்கும், அது வீடு.
இங்கிட்டு பர்னரில் பருப்பு சிவக்கும்,
அது பஞ்சவர்ணம் பூண்டுப்பொடி.
சின்னவன் ஒற்றைக்காலில்
கோட்டைத் தாண்டித் தாண்டி விளையாடினான்.
நாள் முழுக்க அவனுக்கு அதுதான் வேலை.

பூண்டு வாசனை மட்டும் கோடு பார்க்கவில்லை.
படியிறங்கிப் போய்
வீட்டுக்காரர் சவரிமுத்துவிடம்
எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
"ஆட்சேபம் இல்லைன்னு எழுதித்தர
எனக்கென்ன ஆட்சேபம் தாயி?
கரண்டு பில்லு கடை ரேட்டுல வந்துருமே.
வாடகையில எழுநூறு கூட்டிக்குடு."
ஐந்நூறில் முடிந்தது.
பத்திரத்தில் அவர் மகன் எழுதினான்,
ஆட்சேபத்தில் ஓரெழுத்தை விட்டு.

குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து
டவுன்பஸ்ஸில் மடியில் வைத்து
ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.
மறுநாள் என்னையே கொண்டுபோனேன்.
கண், நகம், தோல், இருமல் பார்த்து
தொற்றுநோய் ஏதுமில்லை என்று
டாக்டர் கையெழுத்துப் போட்டார்.
இதே கையால்
பதினாறு வருஷம் ஐந்து பேருக்குப் பொங்கினேன்.
ஒருத்தரும் சான்றிதழ் கேட்டதில்லை.
உப்புக் குறைந்தால் மட்டும்
உடனே அறிக்கை வரும்.

இ-சேவை மையத்துப் பையன்
உரிமையாளர் கட்டத்தில்
இவர் பேரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனுஷர்.
பெரியாரிலிருந்து மாட்டுத்தாவணி வரை
ஒவ்வொரு பள்ளமும் அத்துப்படி.
பெருங்காயம் எப்போது போடவேண்டும் என்று தெரியாது.
"அழிங்க தம்பி" என்றேன்.
கோட்டைச்சாமி பின்பக்கமாய்க் கரைந்தார்.
முதலில் சாமி போனது,
பிறகு கோட்டையும் போனது.
கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.
"ஒங்க பேருக்கு ஸ்பெல்லிங் சொல்லுங்கக்கா."
சட்டென்று வரவில்லை.

பதினான்கு இலக்கத்தில் எண் வந்தது.
ஒரு சாண் லேபிளில்
அந்த எண், எடை, பேட்ச்,
அரைத்த தேதி, கெடும் தேதி,
கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி,
குறைகளுக்குத் தொடர்புகொள்ள என் செல் நம்பர்
எல்லாம் ஏறியபின்
பூண்டுக்கு மிஞ்சியது
கட்டைவிரல் அளவு இடம்.

செவ்வாய்க்கிழமை அதிகாரியம்மா வந்தார்.
குப்பைக்கூடைக்கு மூடி உண்டா,
சன்னலுக்கு வலை உண்டா,
எடைமெஷினில் முத்திரை உண்டா.
உண்டு, உண்டு, உண்டு.
டேப்பின் மேலேயே நின்றுகொண்டு
பேனாவால் சுட்டினார்:
"இந்த உப்பு டப்பா எந்தப் பக்கம்?"

கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது,
பாதி அங்கிட்டு, பாதி இங்கிட்டு.
"யூனிட்" என்றேன்.
குறித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி தட்டிலிருந்து தலைதூக்காமல்
இவர் சொன்னார்: "ரசத்துல உப்பில்ல."
எழுந்துபோய் ஒரு கரண்டி எடுத்து வந்து போட்டேன்.
பிறகு ஸ்டாக் நோட்டைத் திறந்து எழுதினேன்:
உப்பு. ஒரு கரண்டி.
பெற்றுக்கொண்டவர்: வீடு.
அடுத்தது விலைக்கான கட்டம்.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தேன்.
காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று
மூடிவிட்டேன்.